எள்ளும் கொள்ளும்

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது நம் முதியோர் வழிவழியாகச் சொல்லி வரும் பழமொழி. நான்கே சொற்களாலான இம்மொழிக்குள் ஒரு மருத்துவக் கொள்கையே அடங்கியிருக்கிறது. கொழுத்தவனைப் பட்டினி கிடக்கும்படி அது பணிக்கவில்லை. உணவை மாற்றிக்கொள்ளும்படி பணிக்கிறது. மாற்றிக்கொள்ள வேண்டிய உணவும் கடல் கடந்து வரும் அரும்பொருளன்று. பருவமழையின் கடைசி ஈரத்தில் விதைத்துப் பனிக்காலம் கழியும்போது வீட்டுக்கு வரும் எளிய பயறு அது. ஆக, உடலைக் குறைப்பதும் பெருக்குவதும் பருவத்தோடு ஒட்டிய செயல்கள் என்று நம் முன்னோர் கண்டிருந்தனர்.

இதனை இன்று நினைவூட்ட வேண்டிய காரணம் உண்டு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிரில் 100க்கு 40 பேர் உடற்பருமன் மிக்கவர். ஆடவரில் 100க்கு 37 பேர். 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் வெளியான ஆய்வு, இந்திய நாட்டில் நீரிழிவு உற்றோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர் எனக் கணக்கிட்டது. இந்நோய் நம் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. பெருநாள் விருந்தில் இனிப்பை ஒதுக்கி வைக்கும் கைகளே இன்று மிகுதி. மெலிவதற்கு மாத்திரையும் பொடியும் தேடி அலைவோர், மெலிதலைப் பற்றி நம் இரு பெரும் மரபுகள், அதாவது அரபு மருத்துவமும் தமிழ் நிலத்து உணவு முறையும், என்ன சொல்லின என்பதைச் சற்று நோக்குவது நலம்.

அரபு மருத்துவம் கண்ட வழி

வயிறே நோய்களின் இல்லம், பத்தியமே மருத்துவத்தின் தலை என்னும் கருத்துடைய ஒரு மொழி நம் மேடைகளில் நபிமொழியாகவே அடிக்கடி எடுத்தோதப்படுகிறது. ஹதீஸ் கலை வல்லார் இதனை ஏற்பதில்லை. இது தாயிஃப் நகரைச் சேர்ந்த அரபு மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்று என்று அறிஞர் இப்னுல் கய்யிம் (மறைவு கி.பி. 1350) தெளிவுபடுத்தியுள்ளார். அளவு பற்றி உறுதியான நபிமொழி நம்மிடம் இல்லாமலில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்னும் கருத்துடைய செய்தியை மிக்தாம் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீ நூல் பதிவு செய்துள்ளது. ஒரு மருத்துவரின் சொல்லை மருத்துவரின் சொல்லாகவே போற்றுவதில் அதன் பெருமை குன்றிவிடாது.

மருத்துவ நூல்கள் உடல்நலத்துக்கு இன்றியமையாத ஆறு காரணங்களை வகுத்தன. ‘அஸ்பாபுஸ் ஸித்தா ளரூரிய்யா’ என அவை வழங்கும். காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், உள்ளத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவை வெளியேற்றலும் அடக்கலும் என்பன அவை. இவற்றுள் காற்று முதலிடம் பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். காற்று என்றால் பருவம் என்றே பொருள். பருவம் மாறினால் உணவும் உழைப்பும் உறக்கமும் உடன் மாற வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. குளிர்காலத்தில் வயிற்றின் வெப்பம் உள்ளடங்கி வலுத்திருக்கும், ஆதலின் கூடுதலாக உண்ணலாம். கோடையில் அது தளர்ந்திருக்கும், ஆதலின் குறைத்தும் இலேசாகவும் உண்க என்று கிரேக்க மருத்துவர் காலந்தொட்டே கூறி வந்தனர்.

கிரேக்க மருத்துவ மேதை ஜாலினூஸ் (காலன்) உடலை மெலிவிக்கும் உணவு பற்றித் தனி நூலே எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர் குழுவினரும் ஜாலினூஸின் நூல்களை அரபியில் ஆக்கினர். அவ்வறிவை எல்லாம் திரட்டி ஒழுங்குபடுத்தியவர் இப்னு ஸீனா (ஹிஜ்ரி 370–428, கி.பி. 980–1037). தம் ‘அல்கானூன் ஃபித் திப்பு’ நூலின் நான்காம் பாகத்தில் மிகு பருமனின் கேடுகளை அவர் விவரிக்கிறார். பருமன் உடலுக்கு விலங்கு, நாளங்கள் நெருக்குண்ணும், மூச்சு இடுங்கும், பருத்தவர் பசியையும் தாகத்தையும் தாங்கமாட்டார், திடீர் மரணமும் நேரலாம் என எச்சரிக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்குறிப்பை இற்றை நாள் இதய மருத்துவரும் மறுக்கமாட்டார்.

அதற்கு அவர் காட்டும் வழி யாது? விரைந்த உடற்பயிற்சி, உணவுக்கு முன் நீராடல், உருவில் மிகுந்தும் ஊட்டத்தில் குறைந்தும் உள்ள உணவு. இம்மூன்றாவது விதியே நம் பொருளுக்கு உயிர். வயிறு நிறைய வேண்டும், ஆனால் உடலில் சேர்வது குறைய வேண்டும். காயும் கீரையும் நீர் மிகுந்த கனியும் அன்றி வேறெவை இதற்குப் பொருந்தும்? இன்று நார்ச்சத்து, நீர்ச்சத்து என நாம் பேசுவதை அவர் வேறு சொற்களில் சொல்லி வைத்தார்.

குர்துபாவுக்கு வந்த மன்னன்

இக்கலை ஏட்டளவில் நின்றதன்று. ஸ்பெயினின் வடபகுதியில் லியோன் நாட்டை ஆண்ட சாஞ்சோ என்பான் ‘பருத்தவன்’ என்னும் பட்டப்பெயரோடே வரலாற்றில் நிற்கிறான். குதிரையேறவும் படை நடத்தவும் இயலாத அளவுக்கு அவன் பருத்திருந்தான். 958இல் பிரபுக்கள் அவனை அரியணையினின்றும் இறக்கினர். அவன் பாட்டியாகிய நவார் நாட்டரசி தோதா, பேரனை அழைத்துக்கொண்டு முஸ்லிம்களின் தலைநகரான குர்துபாவுக்கே வந்தாள். கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவையில் இருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் அவனுக்கு மருத்துவம் செய்தார். மன்னன் மெலிந்தான், குர்துபாவின் படைத்துணையோடு திரும்பி 960இல் அரியணையை மீட்டான். கிறிஸ்தவ மன்னன், யூத மருத்துவர், முஸ்லிம் கலீஃபா என மூவரையும் ஒருங்கு சேர்த்தது ஒருவனின் உடற்பருமன்!

அதே குர்துபாவில் 961ஆம் ஆண்டளவில் தோன்றியது புகழ்பெற்ற ‘குர்துபா நாட்காட்டி’. மருத்துவரும் வரலாற்றாசிரியருமான அரீப் இப்னு ஸஅத் என்பவரோடும், ரபீஃ இப்னு ஸைத் என்னும் கிறிஸ்தவ ஆயரோடும் தொடர்புடைய அந்நூல், எம்மாதத்தில் எப்பயிர் விளையும், எக்கனி பழுக்கும், உடலைப் பேணுவது எங்ஙனம் என மாதந்தோறும் குறிப்புத் தருகிறது. அடுத்த நூற்றாண்டில் பக்தாதின் கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ என்னும் நூலை அட்டவணைகளாகவே அமைத்தார். ஒவ்வோர் உணவும் எந்த இயல்பினருக்கு, எந்த வயதினருக்கு, எந்தப் பருவத்துக்கு, எந்த நாட்டுக்கு ஏற்றது எனக் கட்டம் போட்டுக் காட்டிய அந்நூல், பின்னர் லத்தீனில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பிய அரண்மனைகளை அலங்கரித்தது.

‘எந்த நாட்டுக்கு’ என்ற கட்டத்தை மறந்துவிடலாகாது. அந்தலூஸின் அத்திப்பழமும் பக்தாதின் வாற்கோதுமையும் அப்படியே நமக்குப் பொருந்தா. ஊருக்கு ஊர் காற்றும் நீரும் வேறாதலின், அவ்வவ்வூர்ப் பருவத்தை அவ்வவ்வூர் மக்களே அறிதல் வேண்டும். இவ்வுணர்வாலேயே கி.பி. 850இல் அலீ இப்னு ரப்பன் அத்தபரீ தம் ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா’வின் இறுதிப் பகுதியில் இந்திய மருத்துவர்தம் கருத்துகளுக்கும் இடமளித்தார். ஆகவே நாமும் நம் மண்ணுக்கு வருவோம். தொண்டை நாட்டின் தலைநகராம் காஞ்சியைக் காண்போம்.

காஞ்சியின் ஆறு பருவங்கள்

அரபு மருத்துவர் ஆண்டை நான்காகப் பகுத்தனர். தமிழர் ஆறாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அப்பகுப்பு தொல்காப்பியத்திலேயே காணப்படுவது. காஞ்சிபுரம் ஏரிகளை நம்பி வாழ்ந்த நாட்டின் நடுவே அமைந்த ஊர். தென்மேற்குப் பருவக்காற்றும் சிறிது மழை தரும். வடகிழக்குப் பருவக்காற்றோ ஏரிகளை நிரப்பும். இவ்விரு மழைக்கு ஏற்பவே அவ்வூர் மக்களின் உண்கலமும் மாறி வந்தது.

சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். அப்போது பனையிலிருந்து நுங்கு இறங்கும். வெள்ளரிப்பிஞ்சும் தர்ப்பூசணியும் தெருவுக்கு வரும். மோரும் நீராகாரமும் காலை உணவாகும். இவை யாவும் வயிற்றை நிறைத்து உடலில் சிறிதே சேர்வன. ஆனி, ஆடியில் நாவற்பழம் உதிரும். நெற்குதிர் வற்றிவரும் அந்நாளில் கேழ்வரகுக் கூழ் வீட்டுக்கு வீடு காய்ச்சப்படும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய விதையால் ஆவணி, புரட்டாசியில் சுரையும் பீர்க்கும் புடலும் பூசணியும் கொடியில் தொங்கும். நாயகம் (ஸல்) அவர்கள் சுரைக்காயை விரும்பி உண்டதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளமை நாமறிந்ததே. இப்னு ஸீனாவின் விதிக்கு இக்கொடிக்காய்களைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. செரிமானம் மந்தமாகும். அப்போது சுக்கும் மிளகும் சீரகமும் அடுக்களையை ஆளும். காஞ்சியின் பெயரைத் தாங்கி உலகெங்கும் அறியப்பட்ட இட்லியைக் காண்க. வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளி மரபில் மந்தாரை இலை விரித்த மூங்கிற் குடலையில் ஊற்றி நெடுநேரம் அவிக்கப்படும் அவ்விட்லியின் மாவில் மிளகும் சீரகமும் சுக்கும் கலப்பர். நம் ஹக்கீம்கள் செரிமானத்துக்கு வழங்கும் ‘ஜவாரிஷ் கமூனி’ என்னும் லேகியத்திலும் கமூன், ஸன்ஜபீல், ஃபில்ஃபில் என்ற பெயர்களில் இருப்பவை இம்மூன்றே. மடைப்பள்ளியும் மருந்தகமும் ஒரே அஞ்சறைப்பெட்டியைத் திறந்தன என்னலாம்.

மார்கழி, தையில் அவரையும் மொச்சையும் காய்க்கும்; பனங்கிழங்கும் கரும்பும் புதுநெல்லும் வரும். பசி வலுத்த பருவம். உடல் சற்றே தேறும். மாசி, பங்குனியில் கொள்ளு வந்துசேரும். நூற்றுக்கு ஏறத்தாழ 22 பங்கு புரதமும் மிகுந்த நாரும் கொண்ட இப்பயற்றைத் துவையலாகவும் இரசமாகவும் உண்பர். தையில் ஏறிய சதை கோடைக்கு முன் இறங்குவதற்கான ஏற்பாடு அது.

இங்கொரு நுட்பத்தை உணர வேண்டும். பருவ உணவு எல்லாமே மெலிவிப்பன அல்ல. மாம்பழமும் கரும்பும் கிழங்கும் பருவத்துக்குரியவையே. அளவு மீறினால் பருக்கச் செய்வனவே. ஆண்டுக்குள் ஏறுமாதமும் உண்டு, இறங்குமாதமும் உண்டு. ஒன்று தந்ததை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். பழங்கால உணவின் காப்பு இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருந்தது. இன்றோ குளிர்பதனப் பெட்டியும் கிடங்கும் லாரியும் சேர்ந்து ஆண்டு முழுவதையும் தை மாதமாக்கிவிட்டன. இறங்குமாதம் நம் காலண்டரிலிருந்து மறைந்துவிட்டது.

தறிக்குழியும் வயிறும்

காஞ்சியின் பெருந்தொழில் பட்டு நெசவு. குழித்தறியில் அமரும் நெசவாளி தரை மட்டத்தில் இருந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதித்து, கைகளால் நாடாவை ஓட்டுவார். கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் இணைக்கும் கோர்வைச் சேலைக்கு இருவர் வேண்டும். மூன்று நாடாக்கள் ஓடும். கண்ணும் கையும் காலும் ஓயாது உழைக்க, இடுப்போ நாளெல்லாம் ஓரிடத்திலேயே இருக்கும். உழைப்பு கடினமாயினும் நடை குறைவு. இத்தகையோர் ஏர் உழுபவனைப் போல் உண்ண இயலாது. கூழும் மோரும் அவர்தம் தொழிலுக்கு இயைந்த உணவாக இருந்ததில் வியப்பில்லை. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் தறியை நம்பி வாழ்ந்த நம் சமுதாயத்தாரும் இந்த வாழ்வை நன்கறிவர்.

மழைக்காலம் வந்தால் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த முடியாது. தறிக்குழியில் நீர் சுரக்கும். வேலை நிற்கும், கூலி நிற்கும், அடுப்பும் தணியும். நெசவாளியின் இறங்குமாதம் அவர் தேர்ந்துகொண்டதன்று, அவர்மீது விழுந்தது. இவ்வேறுபாட்டை மறந்து பழங்காலத்தைப் புகழ்வது அறமாகாது.

பஞ்சத்தின் மெலிவு நலமன்று

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பஞ்ச நிவாரணப் பணியில் கல்லுடைத்து மண் சுமந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது ஏறத்தாழ 450 கிராமும், சிறு காசுமே போதும் என்று 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்து வாதாடினார். உழைக்கும் உடல் இவ்வளவில் உயிர் தாங்காது என்பது அவர் வாதம். என்புதோல் போர்த்த உருவங்களாய் மக்கள் மாண்ட அக்காலத்தில் மெலிவு ஒரு சாபம்.

பின்னர் 1920களில் குன்னூரில் ஆய்வு செய்த மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னைப் பகுதியின் உணவு உண்டவை நலிந்து நின்றன. அரைவையிலும் கழுவலிலும் அரிசியின் சத்து வீணாவதை அவர் எடுத்துக்காட்டினார். அவ்வாய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

பசியறிந்த நாட்டுக்கு அரிசி ஒரு கனவாயிருந்தது. காஞ்சியில் நெசவாளர் குடும்பமொன்றில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணா, 1967இல் முதலமைச்சரானதும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியதன் பொருள் இப்பின்னணியில்தான் விளங்கும். பசி தணிந்தது, அது பெரும்பேறு. ஆயின் வெள்ளரிசி எளிதாகக் கிடைத்த பின் கேழ்வரகும் கம்பும் சாமையும் ஏழைக்குரியவை என ஒதுக்கப்பட்டன. பஞ்சத்திலிருந்து தப்பியோர் மிகையில் வந்து விழுந்தனர்.

இவ்விரு மரபறிவையும் ஒன்றாகக் காக்க முயன்றோரையும் நன்றியுடன் நினைக்க வேண்டும். 1921இல் சென்னை அரசு அமைத்த உள்நாட்டு மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் முகம்மது உஸ்மான். சென்னைத் தியாகராய நகரின் உஸ்மான் சாலை அவர் பெயரைத் தாங்கியது. 1923இல் அக்குழு தந்த அறிக்கையின் பயனாகச் சென்னையில் 1925 முதல் இந்திய மருத்துவப் பள்ளி நடைபெற்றது. சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் அங்கு ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. கொள்ளும் ஸன்ஜபீலும் பகைப் பொருள்கள் அல்ல என்பதை அக்கூரை மெய்ப்பித்தது.

நம் முன் நிற்கும் பணி

பருவம் தானே நம் உணவை அளந்து தந்த காலம் போய்விட்டது. இனி அளப்பது நம் கையிலேயே இருக்கிறது. வறுமை திணித்த இறங்குமாதத்தை யாரும் விரும்ப வேண்டுவதில்லை. அறிந்து மேற்கொள்ளும் இறங்குமாதம் நமக்கு வேண்டும். நோன்பு அத்தகையது. சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவாதலின், ரமலான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2018இல் அது மே மாதத்து அனலில் தொடங்கியது. 2024இல் மார்ச்சில் தொடங்கியது. ஒவ்வொரு பருவத்தின் உணவோடும் நோன்பு துறக்கும் வாய்ப்பு ஒரு வாழ்நாளில் நமக்கு வாய்க்கிறது. பள்ளிவாசல் கஞ்சியில் இடும் வெந்தயமும் பூண்டும் பயறும் நம் பெரியோர் அறிந்து வகுத்தவை. நாமோ அக்கஞ்சியைச் சிறு கிண்ணத்தில் ஒதுக்கி, எண்ணெயில் பொரித்தவற்றையும் சர்க்கரை நீரையும் பெருந்தட்டில் வைக்கிறோம். நோன்பு முடியும்போது எடை கூடியிருப்பின், பழியை ரமலான்மீது போட இயலுமா?

செய்யத்தக்கவை எளியனவே. சந்தையில் அவ்வப்போது மலிந்து கிடக்கும் காயே பெரும்பாலும் அப்பருவத்துக் காய். அதைத் தட்டின் பாதியளவு வைக்கலாம். வாரத்தில் இருவேளை சோற்றுக்குப் பதில் கேழ்வரகோ கம்போ கொள்ளோ சேர்க்கலாம். கோடையில் குளிர்பானத்தை விடுத்து மோரும் வெள்ளரியும் கொள்ளலாம். வலிமா விருந்தைத் தொடர்ந்து வரும் நாள்களில் இலேசான உணவுக்கு மாறலாம். விரைந்து நடப்பதை உணவுக்கு முன் வைக்கலாம். நீரிழிவும் இதயநோயும் உடையோர், கருவுற்ற தாய்மார் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே இவற்றைச் செய்தல் வேண்டும். மாதத்துக்குள் மெலிய வேண்டும் என்னும் அவசரமும் வேண்டா. பருவம் மெல்லத்தான் மாறுகிறது, உடலும் அவ்வாறே மாறட்டும்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பட்டினியால் வாட்டுவதும் மிகையால் பாழாக்குவதும் ஒரே வகைத் தவறுகள். நம் பிள்ளைகளுக்குச் சொத்தும் கல்வியும் சேர்த்து வைக்கும் நாம், எம்மாதத்தில் எதனை உண்பது என்னும் அறிவையும் சேர்த்து வைப்போமாக. அவ்வறிவு வீட்டு மூதாட்டிகளின் நினைவில் இன்னும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அருகமர்ந்து கேட்டுக் குறித்துக்கொள்வது இப்போதே செய்யத்தக்க கடமை.